பழைய டெஸ்க்டொப்புக்கு வேறு புரொசசர் போடலாமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தாலும், கொம்பியூட்டர் அநேகமாக ஒரே வயதுதான். 2008க்கும் 2014க்கும் இடையில் செய்தது. பாவித்ததாக வாங்கியது, அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் காசு அனுப்பி எடுத்துக் கொடுத்தது. எறிய மனம் வராது, புதிது வாங்கக் காசு காணாது. புரொசசரை மட்டும் மாற்றினால் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சில பெட்டிகளுக்கு அது மிக நல்ல வேலை, சிலவற்றுக்கு வீண் செலவு. உங்களுடையது எந்த வகை என்று காசு கொடுக்க முதல் தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

தம்பி, எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. புரொசசர் மாற்றினால் சரிவருமா?

எது இழுத்துப் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வழமையாக எந்த வேலை செய்யும்போது சிக்குகிறதோ அதைச் செய்யுங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நிற்க, சிபியூ (புரொசசரைத்தான் அப்படிக் காட்டும்) 20, 30இல் கிடந்தால் குற்றம் ஹார்ட் டிஸ்க்கில். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ராம் போதாது. சிபியூ மட்டும் 90க்கு மேலே ஏறி இறங்காமல் நின்றால்தான் புரொசசரைப் பற்றிப் பேச இடம் உண்டு.

கொம்பியூட்டர் போட்டவுடன் பார்க்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் அப்டேட், வைரஸ் கார்ட் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், எல்லாமே 100 காட்டும். அது அடங்கிய பிறகு பாருங்கள்.

எல்லோரும் எஸ்எஸ்டி போடு என்கிறார்கள். அது உண்மையில் அவ்வளவு உதவுமா?

உதவும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடுகிறதென்றால் புரொசசருக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள், முதல் செலவு எஸ்எஸ்டிதான், அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க். எச்61 சிப்செட் (போர்டின் பிரதான சிப்) உள்ள பழைய மதர்போர்டுகளில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் 3 கிகாபிட் மட்டும், புதிய எஸ்எஸ்டியின் முழு வேகம் அங்கே வராது என்று சிலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். விண்டோஸ் திறப்பதும் புரோகிராம் திறப்பதும் சின்னச் சின்னக் கோப்புகளை அங்குமிங்கும் தேடி எடுக்கிற வேலை. ஹார்ட் டிஸ்க்கின் முள் அலைந்து தேட வேண்டும், எஸ்எஸ்டிக்கு அந்த அலைச்சலே இல்லை. பாதி வேகத்தில் ஓடினாலும் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

ராம் 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைக்கும் படிப்புக்கும் போதும். 4 ஜிபி என்றால் குரோமில் ஐந்தாறு பக்கம் திறக்கவே மூச்சு வாங்கும். இன்னொன்று, 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் எவ்வளவு ராம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. 64 பிட் ஆக மாற்றினால்தான் மிச்சம் பயன்படும்.

எஸ்எஸ்டியும் போட்டாயிற்று, ராமும் இருக்கிறது. ஆனாலும் மத்தியானத்தில் மட்டும் சிக்குகிறது. ஏன்?

சூடு. வன்னியில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இன்டெல் புரொசசர்கள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காப்பாற்றத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழே, கோடையில், அறையே 35 பாகைக்கு மேல் கொதிக்கும்போது, காற்றுப் போகும் வழியும் அடைத்திருந்தால் அந்த இடத்துக்கு வர அதிக நேரம் எடுக்காது. காலையில் கெதியாக ஓடும் பெட்டி மத்தியானம் படுத்துவிடும்.

புரொசசருக்கு மேலே உள்ள கூலரின் விசிறியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கையில் வரும். விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் செம்மண் புழுதியும் நூலும் சேர்ந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படை பிடித்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் விசிறி நன்றாகத்தான் சுழலும், கீழே காற்றே இறங்காது. ஏ9க்குக் கிட்ட உள்ள கடைகளிலும், கிறவல் ரோட்டோர வீடுகளிலும் இது ஆறு மாதத்துக்குள் சேர்ந்துவிடும். பவர் சப்ளைக்குள் எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் இருப்பதும் இங்கே சாதாரணம்.

வயரைக் கழற்றி, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், மென்மையான தூரிகையாலும் புளோவராலும் ஊதி எடுங்கள். ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுழன்றால் அச்சு கெட்டுப்போகும். கூலரைக் கழற்றினால் பழைய தேர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துப் புதிது பூச வேண்டும். பத்து வருடம் காய்ந்த பேஸ்ட் சுண்ணாம்புத் தூளாகக் கொட்டும். இந்த வேலையோடே பல பெட்டிகளின் நோய் தீர்ந்துவிடுகிறது, புரொசசர் தேடிப் போக வேண்டிய தேவையே வராது.

சரி, துப்புரவும் செய்தாயிற்று. என்ன புரொசசர் போடலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைத் தீர்மானிப்பது மதர்போர்ட். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பேஸ்போர்ட் புரொடக்ட் என்ற வரியில் போர்டின் பெயர் இருக்கும். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் இன்னும் வடிவாகப் பார்க்கலாம்: போர்டின் பெயர், சிப்செட், சொக்கெட் (புரொசசர் உட்காரும் இடம்), பயோஸ் (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பு எல்லாம் காட்டும். அந்தப் பெயரைப் போர்ட் செய்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால் அது ஏற்கும் புரொசசர்களின் பட்டியல் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் எந்த பயோஸ் பதிப்பு வேண்டும் என்பதோடு. பட்டியலில் இல்லாததை வாங்காதீர்கள். "எல்லா 1155 சொக்கெட்டுக்கும் எல்லாம் போகும்" என்று கடையில் சொன்னாலும் வாங்காதீர்கள்.

முத்தையன்கட்டில் இருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறிப் போய் மாறிய சாமானோடு திரும்பி வருவது பெரிய அலைச்சல். போர்டின் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

என்னுடையது கோர் 2 டுவோ. ஏதாவது செய்யலாமா?

எல்ஜிஏ 775 சொக்கெட். ஜி31, ஜி41 போர்டுகள் பலவற்றில் க்யூ8400, க்யூ9400 போன்ற கோர் 2 குவாட் போகும். கோர் என்பது புரொசசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி, இரண்டு கோரில் இருந்து நான்குக்கு வரலாம். ஆனால் ஜி31 ஏற்கும் ராம் 4 ஜிபிதான், ஜி41 என்றால் 8. அதற்கு மேல் வழியில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இந்த வகைப் புரொசசர்களில் திறக்கவே திறக்காது. யாராவது குவாட் ஒன்றைச் சும்மா தந்தால் போடுங்கள். காசு கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் தலைமுறை ஐ3, ஐ5 என்றால்?

அது எல்ஜிஏ 1156. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐ3-540, ஐ5-650 போன்றவற்றுக்குள் கிராஃபிக்ஸ் (திரையில் படம் காட்டும் பகுதி) உண்டு. நான்கு கோர் உள்ள ஐ5-750, ஐ7-860இல் கிடையாது. அதைப் போட்டால் மொனிட்டர் வயர் செருகும், போர்டில் உள்ள வீஜிஏ துளையில் படம் வராது, தனியாகக் கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கட்டுபடியாகாது.

அப்படியென்றால் எந்தப் பெட்டிக்குத்தான் புரொசசர் மாற்றுவது லாபம்?

2011இல் வந்த எல்ஜிஏ 1155க்கு. எச்61, பி75 போர்டுகள் இங்கே இன்னும் நிறைய ஓடுகின்றன. வாங்கும்போது காசுக் கணக்குப் பார்த்து பென்டியம் ஜி620, செலரோன், அல்லது ஐ3-2100 போட்டு எடுத்திருப்பார்கள். அந்தப் போர்டில் ஐ5-2400, ஐ5-3470, ஐ7-2600, ஐ7-3770 எல்லாம் பொருந்தக்கூடும். ஜி620க்கு இரண்டு கோர், 2.6 கிகாஹேர்ட்ஸ். ஐ5-3470க்கு நான்கு கோர், 3.2இல் தொடங்கி 3.6 வரை ஏறும். பாவித்தது மலிவு. ஒரே போர்ட், ஒரே ராம், ஒரு மணித்தியால வேலை. இந்த விலைக்கு இதைவிட நல்ல மாற்றம் பழைய டெஸ்க்டொப்பில் வேறு இல்லை என்பேன்.

யூடியூப்பில் பாடம் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதன் பலன் நேரே தெரியும். யூடியூப் இப்போது அனுப்பும் விபி9 வகைக் காணொளியை விரிக்கும் தனிச் சுற்று இந்தக் காலத்துக் கிராஃபிக்ஸில் இல்லை. அந்தப் பாரம் முழுக்கப் புரொசசரின் தலையில்தான் விழும். இரண்டு கோர் பென்டியத்தில் 1080 வைத்தால் படம் தத்தும், நான்கு கோரில் தத்தாது. புரொசசர் மாற்ற முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: எச்264ஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் பழைய கிராஃபிக்ஸுக்குத் தெரிந்த எச்.264 வகையில் காணொளி வரும், புரொசசருக்குப் பாரம் குறையும்.

2013இல் வந்த எல்ஜிஏ 1150க்கும் இதே கணக்குத்தான். எச்81 போர்டில் ஐ5-4570 அல்லது 4590. 2015இல் வந்த எல்ஜிஏ 1151இல் ஐ5-6500, ஐ5-7500 நல்லவை. ஆனால் 8ஆம், 9ஆம் தலைமுறையும் அதே 1151 என்ற எண்ணோடுதான் வருகின்றன, எச்110 போன்ற பழைய போர்டில் அவை வேலை செய்யாது. சொக்கெட் எண் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்து ஏமாறும் இடம் இது.

பெட்டி டெல் ஒப்டிபிளெக்ஸ். அதிலும் 1155தானே?

எண்ணைப் பாருங்கள். 390, 790, 990 என்றால் இரண்டாம் தலைமுறை (ஐ5-2400 போல எண் 2இல் தொடங்குபவை; 3இல் தொடங்கினால் மூன்றாம் தலைமுறை) மட்டும்தான். ஐ5-2400, ஐ7-2600 போகும், ஐ5-3470 போகாது. 3010, 7010, 9010 என்றால் இரண்டாம், மூன்றாம் தலைமுறை இரண்டும் போகும். எச்பி கொம்பாக்கிலும் இப்படித்தான்: 6200, 8200 இரண்டாம் தலைமுறை, 6300, 8300 மூன்றாம் தலைமுறையையும் ஏற்கும்.

பயோஸ் அப்டேட் கட்டாயமா?

2011இல் செய்த எச்61 போர்டில் மூன்றாம் தலைமுறை போடுவதென்றால் அநேகமாக வேண்டும். பழைய புரொசசர் இருக்கும்போதே அப்டேட் செய்து, அது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் திரை கறுப்பாகவே கிடக்கும்.

அப்டேட் ஓடும் அந்தச் சில நிமிடத்துக்குள் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடும், சிப்பைக் கழற்றி வேறு கருவியில் எழுதித்தான் எழுப்ப வேண்டும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். யூபிஎஸ் இருந்தாலும் பற்றரி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் வயரை இழுத்துச் சோதியுங்கள். மழையும் இடியும் உள்ள ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இந்த வேலை வேண்டாம்.

ஐ7 எடுக்கட்டா, ஐ5 காணுமா?

வேர்ட், எக்செல், சூம், படிப்பு என்றால் ஐ5 காணும். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் ஐ7 எடுக்கலாம்.

கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோஷொப்பில் பாஸ்போர்ட் சைஸ் படம், கூடவே ஒன்லைன் விண்ணப்பம், பிரின்ட். எனக்கு என்ன நல்லது?

உங்களுக்கு நான்கு கோர் நிச்சயம் பயன்படும், ஒரே நேரத்தில் நாலு வேலை ஓடுகிற இடம் அது. ஐ5-3470, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி மூன்றும் இருந்தால் வரிசையில் நிற்கிற சனத்தைக் காக்க வைக்காமல் வேலை முடியும். ராமை ஒரே 8 ஜிபியாகப் போடாமல் இரண்டு 4 ஜிபியாகப் போடுங்கள். இரண்டு துளையும் நிறைந்தால் மெமரி இரட்டைப் பாதையில் ஓடும், போர்டில் உள்ள கிராஃபிக்ஸுக்கு அது நல்லது.

சியோன் மிக மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

சியோன் என்பது இன்டெல் சேர்வர்களுக்குச் செய்த வகை. ஈ3-1230 வி2, 1240 வி2 எல்லாம் பலமான புரொசசர்கள்தான், ஆனால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கார்ட் ஏற்கெனவே போட்டிருந்து, போர்டின் பட்டியலிலும் பெயர் இருந்தால் எடுங்கள். 1225, 1245 என்று 5இல் முடிபவற்றில் கிராஃபிக்ஸ் உண்டு. ஐ5-3350பி மாதிரிப் பெயரின் கடைசியில் பி என்று வருபவற்றிலும் கிராஃபிக்ஸ் கிடையாது, அதையும் கவனியுங்கள்.

பாவித்த புரொசசரை நம்பி வாங்கலாமா?

புரொசசர் இலகுவில் பழுதாகிற சாமான் இல்லை. பவர் சப்ளையும் போர்டும்தான் முதலில் போகும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குவதென்றால் கடையிலேயே ஒரு போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, ஒன்லைன் விளம்பரம் பார்த்தோ எடுப்பதென்றால், மேல்பக்கமும் அடிப்பக்கமும் தெளிவாகத் தெரியப் படம் கேளுங்கள். மேலே பொறித்த எண் நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள். அடியில் தங்க நிறப் புள்ளிகள் சுரண்டாமல் இருக்க வேண்டும், நடுவில் உள்ள குட்டிப் பாகங்களில் ஒன்றும் உடைந்து விழுந்திருக்கக் கூடாது. இன்டெல் கொன்ஃபிடென்ஷல் என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்தது, வேண்டாம். கூரியரில் வந்தால் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு வார உத்தரவாதமாவது வாங்குங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள்.

நானே மாற்றலாமா?

கை நடுங்காமல், அவசரப்படாமல் செய்பவர் யாரும் மாற்றலாம். தொடங்க முதல் பத்து நிமிடம் கொம்பியூட்டரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பேஸ்ட் சற்று இளகும், கூலர் இலேசாகக் கழரும். ஏஎம்டி பெட்டிகளில் இது மிக முக்கியம், ஏனென்றால் ஏஎம்4 சொக்கெட் வரையான ஏஎம்டி புரொசசர்களில் பின்கள் புரொசசரின் அடியிலேயே இருக்கின்றன. நேரே இழுத்தால் கூலரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். இடம் வலமாக மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னைப் போக்குங்கள். இன்டெல் கூலரின் நான்கு கால்களிலும் அம்புக்குறி இருக்கும். அம்புப் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் கழரும். திரும்பப் போடும்போது அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக "டக்" என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். நான்கு காலும் சரியாக இறங்கியதா என்று போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கால் தூக்கி நின்றாலும் சூடு இறங்காது.

சொக்கெட்டின் நெம்புகோலைக் கீழே அமுக்கி வெளியே தள்ளி மேலே தூக்குங்கள். பழைய புரொசசரை ஓரத்தில் பிடித்து நேரே மேலே எடுங்கள். இப்போது தெரியும் 1155 பின்களையும் விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், அதற்கு மேலே எதையும் தவறியும் விழ விடாதீர்கள். போன் டோர்ச்சைச் சரிவாகப் பிடித்துப் பார்த்தால் எல்லாப் பின்னும் ஒரே திசையில் மின்னும். எங்காவது ஒன்று மின்னாமலோ, குறுக்கே மின்னியோ தெரிந்தால் அது வளைந்திருக்கிறது, அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

புதிய புரொசசரின் மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம், பக்கத்தில் இரண்டு வெட்டு. இரண்டும் சொக்கெட்டோடு ஒத்துப்போகும்படி வைத்தால் தன் பாட்டில் உட்காரும். அழுத்தவே கூடாது. நெம்புகோலை இறக்கும்போது கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும், "நறுக்" என்று சத்தமும் வரும், பயப்பட வேண்டாம். கூலரின் அடியை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள், மண்ணெண்ணெயோ பெற்றோலோ வேண்டாம். புரொசசரின் நடுவில் பெரிய பயறு அளவு பேஸ்ட் வைத்துக் கூலரைப் போடுங்கள், அழுத்தத்தில் தானே பரவும். விசிறி வயரை அதற்குரிய நான்கு பின் இடத்தில் மறக்காமல் செருகுங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே போர்டில் உள்ள, நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரியையும் மாற்றிவிடுங்கள். அது இறந்தால் திகதி பின்னுக்குப் போய், இணையத் தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும்.

பழைய பவர் சப்ளை தாங்குமா?

ஜி620, ஐ3-2100 இரண்டும் 65 வாட். ஐ5-2400, ஐ7-2600 என்றால் 95. ஐ5-3470, ஐ7-3770 என்றால் 77. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டிக்கு நல்ல 300 வாட் சப்ளை தாராளம். பெட்டியோடு இலவசமாக வந்த "500 வாட்" லேபிளை மட்டும் நம்பாதீர்கள், தூக்கிப் பார்த்துப் பஞ்சு மாதிரிப் பாரமில்லாமல் இருந்தால் மாற்றுவது நல்லது. இரவில் எல்லோரும் லைட் போடும் நேரம் வோல்ட்டேஜ் இறங்குகிற ஊர் என்றால், புரொசசருக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை யூபிஎஸ்ஸுக்கு வையுங்கள்.

மாற்றிய பிறகு திரையில் ஒன்றும் வரவில்லையே?

புரொசசருக்கு அருகில் தனியாக ஏறும் 12 வோல்ட் நான்கு பின் வயர் செருகியிருக்கிறதா பாருங்கள், மறந்துவிடுவது அதைத்தான். ராமைக் கழற்றித் திரும்பப் போடுங்கள். பிளக்கைக் கழற்றி, பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்துவிட்டுப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் பழைய புரொசசரைத் திரும்பப் போடுங்கள். அதில் திறந்தால் பயோஸ் பதிப்போ பொருத்தமோ பிழை. அதிலும் திறக்காவிட்டால் சொக்கெட் பின்னைப் பார்க்க வேண்டும்.

திறந்தவுடன் பயோஸுக்குள் போய் வெப்பநிலையைப் பாருங்கள். 40க்கும் 60க்கும் இடையில் நின்றால் நல்லது. கண் முன்னாலேயே 80ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், கூலர் சரியாக உட்காரவில்லை.

படங்கள், ஃபைல்கள் அழிந்துபோகுமா? விண்டோஸ் திரும்பப் போட வேண்டுமா?

இல்லை. எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறது, அப்படியே இருக்கும். புரொசசர் மட்டும் மாறினால் விண்டோஸ் லைசென்ஸும் பொதுவாகக் கேள்வி கேட்காது, போர்டை மாற்றினால்தான் சிக்கல்.

புதுப் புரொசசர் போட்டால் விண்டோஸ் 11 போடலாமா?

முறைப்படி முடியாது. மைக்ரோசொஃப்ட் கேட்பது இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். 1155, 1150 பெட்டிகள் எதுவும் அந்த வரிசையில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வங்கிக் கணக்கும் காசுக் கொடுக்கல் வாங்கலும் பார்க்கிற பெட்டியென்றால் இதைப் பாரதூரமாக எடுங்கள்.

வீட்டுக்கும் படிப்புக்கும் லினக்ஸ் மின்ட் நல்ல வழி. ஐ5-3470இல் இலகுவாக ஓடும், யூனிகோட் தமிழ் பிரச்சினையில்லை, பாமினியில் அடித்த பழைய கடிதங்களும் அந்த எழுத்துருக் கோப்பைப் போட்டால் லிப்ரே ஒஃபிஸில் திறக்கும். போட்டோஷொப் மட்டும் ஓடாது, அதனால் கொமினிகேஷன் கடைக்காரருக்கு இது சரிவராது.

எப்போது இந்த யோசனையையே விட்டுவிட வேண்டும்?

எஸ்எஸ்டி, ராம், புரொசசர் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அது 8ஆம் தலைமுறைப் பாவித்த பெட்டி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்து அதையே எடுங்கள். போர்டில் கப்பாசிட்டர் தலை வீங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள், அந்தப் போர்டுக்குப் போடும் காசு நிலைக்காது. அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ பல்கலைக்கழகம் போகப்போகிற பிள்ளைக்கு என்றால், டெஸ்க்டொப்பில் செலவழிக்காமல் மடிக்கணினிக்குச் சேர்ப்பதே சரி.

கழற்றிய பழைய புரொசசரை என்ன செய்வது?

புதியது வந்த கூட்டுக்குள் வைத்து, எந்தப் போர்டுக்கு உரியது என்று எழுதி ஒரு மாதம் வைத்திருங்கள். புதியது ஏதாவது குழப்பம் செய்தால் சோதிக்க அதுதான் வேண்டும். பிறகு திருத்துகிற கடையில் கொடுத்தால் பேஸ்ட்டுக்காவது காசு தேறும். யாரும் எடுக்காவிட்டாலும் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள், கிணற்றடியில் புதைக்கவும் வேண்டாம். இலத்திரனியல் கழிவு சேகரிக்கும்போது கொடுங்கள்.